நிமிர்ந்த வீடும் சாய்ந்த ஃப்ரிட்ஜும்

அடுக்களைக்குள் காலை வைத்ததும் டார்கஸின் உள்ளங்காலில் ஈரம் பட்டது. கூரை ஒழுகுகிறதோ என்று முதலில் மேலே பார்த்தாள். ஒழுகுவதற்கு மழை எங்கே? ஆகஸ்டு பிறந்ததிலிருந்து லாங் டிக்கிள் என்ற அந்த மீனவத் துறையில் மூடுபனிகூட எட்டிப் பார்க்கவில்லை. நியூஃபவுண்ட்லாந்தில் இப்படி ஒரு வெயிலா என்று துறையே வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பிறகுதான் ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். கதவு ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அடியிலிருந்து தண்ணீர் வழிந்து மேசைக்கால் வரை போயிருந்தது.

ஓடிப்போய் உள்ளே இருந்த கிண்ணங்களைத் தொட்டுப் பார்த்தாள். பீட்ரூட் போட்ட சிவப்பு, கடுகு போட்ட மஞ்சள், வெங்காயமும் பட்டாணியும் போட்ட வெள்ளை என்று மூன்று நிற உருளைக்கிழங்கு சாலட், பெரிய பெரிய கிண்ணங்களில். முந்தைய நாள் பகலெல்லாம் நின்று, முதுகு ஒடிய ஒடியச் செய்தது. ஒன்றிலாவது குளிர்ச்சி இருக்க வேண்டுமே! எல்லாம் அறையின் சூட்டுக்கு வந்திருந்தன.

"ஹெட்லி! எழுந்து வந்து உன் வீட்டுக் கூத்தைப் பாரு!" என்று கத்தினாள்.

அன்று சாயங்காலம் தேவாலயத் தோட்ட விருந்து. பேருக்குத்தான் தோட்டம், சாப்பாடு தேவாலய ஹாலில். அந்த விருந்தில் குளிர்த்தட்டுதான் சாப்பாடு. ஆறிய வான்கோழி ஒரு துண்டு, பன்றித்தொடை ஒரு துண்டு, பக்கத்தில் மூன்று நிறத்தில் மூன்று உருண்டை சாலட். இதில் ஒரு நிறம் குறைந்தாலும் அது தட்டே இல்லை என்பார்கள் அந்தத் துறைக்காரர்கள். சாலட் டார்கஸின் பொறுப்பு. அவள் கைக்கு அப்படி ஒரு பேர் இருந்தது, போன வருஷம் வரைக்கும்.

போன வருஷ விருந்துக்கு மறுநாள் துறையில் பாதிப்பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள். ஆம்ப்ரோஸ் மாமாவைப் படகில் போட்டு வளைகுடாவுக்கு அக்கரையில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. யார் செய்த எந்தப் பண்டம் கெட்டிருந்தது என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் வெயிலில் உருளைக்கிழங்குதான் முதலில் கெடும் என்று எவளோ சொன்னாள். அது போதாதா? டார்கஸின் முகத்துக்கு நேரே யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கிறிஸ்துமஸ் விருந்துக்கு மட்டும், "நீ இந்தத் தடவை தேத்தண்ணி ஊத்தேன், கண்ணு" என்று தேவாலயப் பெண்கள் சங்கத்து மெல்வினா தேனொழுகச் சொன்னாள். டார்கஸ் தேநீர் ஊற்றினாள். வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதாள். கெட்டது தன்னுடையதுதானா என்று அவளுக்கே தெரியாது. அதுதான் அவளை அரித்தது. இந்த வருஷம் பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று, "சாலட் நான்தான் செய்வேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பட்டியலில் அவள் பேர் ஏறியது.

அவள் புருஷன் ஹெட்லி கால்சட்டை வாரைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்தான்.

"என் வீட்டுல என்ன கூத்து? கோலிக்குண்டை வெச்சா அசையாம நிக்கிற வீடு இது."

போன வாரம்தான் வீட்டைத் தூக்கி நிமிர்த்தியிருந்தான். அந்தத் துறையில் வீடெல்லாம் பாறைமேல் நட்ட மரக்கால்களில்தான் நிற்கும். பனிக்காலத்தில் தரை உப்பும், வசந்தத்தில் இறங்கும், கால்கள் உளுக்கும். வீடு மெல்ல மெல்லக் கடல் பக்கம் சாயும். இவர்கள் வீடு வருஷக்கணக்காக, அடுப்பும் ஃப்ரிட்ஜும் நிற்கும் பின்சுவர்ப் பக்கம் தாழ்ந்தே கிடந்தது. இந்தக் கோடையில் ஜாக்கி வைத்துத் தூக்கி, புதுக்கால் கொடுத்து, தரை சமமா என்று காட்டும் குமிழி மட்டத்தை வைத்து வைத்துப் பார்த்து, ஹெட்லி அதைச் சரி செய்தான். அதிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் தரையில் கோலிக்குண்டை வைத்துக் காட்டுவதே அவனுக்கு வேலையாகப் போயிற்று.

"கோலியை விடு. கதவைப் பாரு," என்றாள் டார்கஸ்.

"ரொம்பத் திணிச்சிட்டே. முங்குற அளவுக்குச் சரக்கை ஏத்திட்டுப் படகைக் குறை சொன்னா எப்படி?"

"ஒரு வாரமா இது இப்படித்தான் பண்ணுது. சொன்னேனா இல்லையா?"

"நானும் சொன்னேனே, அழுத்தி மூடுன்னு. உன் கை அவசரக் கை."

 பேசி நேரத்தைப் போக்க டார்கஸ் தயாராக இல்லை. உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்து மேசைமேல் வைத்தாள். கதவுத் தட்டிலிருந்த ஜாம் பாட்டில், ஊறுகாய் பாட்டில், பால் எல்லாம் வெளியே வந்தன. வெறும் ஃப்ரிட்ஜை மூடிப் பார்த்தாள். பட்டும் படாமல் ஒட்டி நின்றது. பக்கத்தில் பலமாகக் காலை ஊன்றியதும் விட்டுக்கொண்டு மெதுவாகத் திறந்தது.

"திணிச்சதனால இல்லை. அடுத்து?"

"ரப்பர். ரப்பர் போயிருக்கும்," என்றான் ஹெட்லி.

வெந்நீரில் சோடா உப்பைக் கரைத்துக் கதவோரத்து ரப்பரை மடிப்பு மடிப்பாகப் பிரித்துத் துடைத்தாள். பீட்ரூட் சாறு காய்ந்து பிசினாகியிருந்தது. ஒரு பட்டாணிகூடச் சிக்கியிருந்தது. துடைத்து முடித்து, தேவாலய அறிவிப்புத் தாளை இடையில் வைத்து மூடி, இழுத்துப் பார்த்தாள். மேலே இழுத்தாள், நடுவில் இழுத்தாள், கீழே இழுத்தாள். எல்லா இடத்திலும் தாள் பிடிவாதமாக நின்றது. போதகர் பேர் இருந்த மூலைதான் கிழிந்தது.

"ரப்பர் நல்லாத்தான் பிடிக்குது. அடுத்து?"

ஹெட்லி திருப்புளியை எடுத்துக் கீல்களை முடுக்கினான். அதுவும் உதவவில்லை. மோவாயைச் சொறிந்துகொண்டே வெளியே போனான். படகுக் கயிற்றோடு திரும்பி வந்து, ஃப்ரிட்ஜின் இடுப்பைச் சுற்றி இழுத்து, புயலுக்குப் படகைக் கட்டுகிற முடிச்சைப் போட்டான்.

"இப்ப திறக்கட்டும் பாக்கலாம்!"

"நல்லா இருக்கு. தேத்தண்ணிக்குப் பால் வேணும்னா மாலுமியைக் கூப்பிடணுமா? அவுத்துடு ஹெட்லி. கட்டிப் போட்டா நோய் தீர்ந்துடுமா?"

அவன் முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தான். பிறகு மேசைக்கு வந்து சிவப்புக் கிண்ணத்தில் மூக்கை நுழைத்தான். ஒரு விரலால் வழித்து நாக்கில் வைத்தான்.

"ஒண்ணும் ஆகலை, டார்க். வாடையே இல்லை. ஹாலுக்குக் கொண்டுபோய் ஐஸ்ல வெச்சுட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

டார்கஸும் முகர்ந்தாள். உண்மைதான், ஒரு வாடையும் இல்லை. கடுகும் வினிகரும் மணக்க மணக்க இருந்தது. அவளுக்கும் ஆசை வந்தது; வரவில்லை என்று சொன்னால் பொய். ஒரு நாள் உழைப்பு. வேறு உருளைக்கிழங்கும் வீட்டில் இல்லை, மூட்டையைக் கவிழ்த்துத்தான் இதைச் செய்திருந்தாள். கடை வண்டி இனிமேல் அடுத்த வாரம்தான் வரும். கிண்ணத்தின் விளிம்பை இறுகப் பிடித்தாள்.

"போன வருஷமும் வாடை இல்லை," என்றாள்.

கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் பாறைச் சரிவில் கொட்டினாள். முதல் கிண்ணத்துக்கு ஒரு கடற்காகம் வந்தது. கடைசிக் கிண்ணம் வருவதற்குள் துறையிலிருந்த கடற்காகம் அத்தனையும் வந்து, வானம் கிழியக் கூச்சல் போட்டு, ஒன்றையொன்று கொத்திக்கொண்டு விழுந்தன. பக்கத்து வீட்டு ஜன்னலில் யூனிஸின் திரைச்சீலை ஆடியது. ஆடினால் ஆடட்டும் என்று டார்கஸ் கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"கொட்டியாச்சு. இனி என்ன பண்ணப்போறே?" என்றான் ஹெட்லி.

"மறுபடி செய்வேன்."

"எதை வெச்சு?"

அவள் ஜன்னல் வழியாக அவனுடைய கொல்லையைப் பார்த்தாள். அங்கே ஹெட்லியின் உருளைப் பாத்திகள் பச்சைப் பசேலென்று நின்றன. மீன் உரமும் கடற்பாசியும் போட்டு அவன் குழந்தையைப்போல வளர்த்தவை. செப்டம்பருக்கு முன்னால் அதில் கை வைக்கக் கூடாது. அது அவன் அப்பன் காலத்துச் சட்டம்.

"அதைப் பாக்காதே! இன்னும் முட்டை அளவுகூட ஆகலை அது. யூனிஸ் வீட்டுல ஒரு சாக்கு கேளு. அப்படியே கிண்ணத்தையும் அவ ஃப்ரிட்ஜுல வெச்சுக்கோ."

"யூனிஸ் வீட்டுலயா? என் கிண்ணம் அங்க போய்ச் சேர்றதுக்குள்ள சேதி ஹாலுக்குப் போய்ச் சேர்ந்துடும். மீன்வடை சுடறேன். தின்னுட்டு யோசி."

கோபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வீட்டில் காலையில் மீன்வடை உண்டு. உப்புப்போட்ட பன்றிக்கொழுப்பை நறுக்கி வாணலியில் போட்டு உருக்கினாள். அடுப்போரத்தில் தொங்கிய வளைந்த முள்கரண்டியை எடுத்து வாணலியின் பின்பக்கத்து அடியில் சொருகினாள். அதற்கென்றே வளைத்து வைத்த கரண்டி அது. பின்சுவர் தாழ்ந்திருந்த காலத்தில் அது இல்லாவிட்டால் கொழுப்பெல்லாம் பின்னுக்கு ஓடிவிடும். எத்தனை வருஷப் பழக்கம்! கை தானாகப் போய்ச் செய்துவிட்டு வந்துவிடும். வடைகளை அடுக்கினாள். கொழுப்பு முழுக்க முன்பக்கம் வந்து தேங்கியது. முன்வரிசை வடைகள் அதில் நீந்தின. பின்வரிசை காய்ந்து கருகத் தொடங்கியது.

"ஒரு வாரமா வடை ஒரு பக்கம் கரியாவே இருக்கு. அடுப்பும் போச்சா?" என்றான் ஹெட்லி, மேசையிலிருந்து.

டார்கஸ் வாணலியைப் பார்த்தாள். முள்கரண்டியைப் பார்த்தாள். அதை உருவி எடுத்தாள். கொழுப்பு மெல்ல நகர்ந்து எல்லா வடைக்கும் சமமாகப் பரவியது.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஃப்ரிட்ஜின் முன்னால் போய் நின்றாள். கதவைப் பாதி திறந்துவிட்டுக் கையை எடுத்தாள். இத்தனை வருஷமும் இரண்டு கையிலும் பாத்திரத்தோடு நின்று, குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினால் அந்தக் கதவு தானே போய்ச் சாத்திக்கொள்ளும். இப்போது தன்னைப் பார்த்து முழுசாகத் திறந்துகொண்டு வந்தது.

"ஹெட்லி, இதை வெளிய இழுக்கணும். வா."

"எதுக்கு?"

"இதோட பின்காலுக்கு அடியில ஏதோ இருக்கு."

"ஓஹோ! அப்படிச் சுத்தி இப்படி வர்றியா? நான் வீட்டை நிமிர்த்தினதுதான் தப்புன்னு சொல்லப்போறே. இடுப்பு போயி, முட்டி போயி, பாறைக்கும் பலகைக்கும் நடுவுல மல்லாந்து கிடந்து செஞ்ச வேலை! குமிழி நட்டநடுவுல நிக்குது. வந்து பாரு!"

"வீட்டை ஒண்ணும் சொல்லலை. வீடு நேராத்தான் இருக்கு. அந்த விஷயம் ஃப்ரிட்ஜுக்குத் தெரியலை. எனக்கும் தெரியலை, இன்னும் கரண்டி சொருகிட்டு இருக்கேன். இழுடா, மனுஷா!"

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டி ஆட்டி இழுத்தார்கள். பின்கால் எதிலிருந்தோ இறங்கித் தடாலென்று தரையைத் தொட்டது. பின்னால் இருந்த தூசிக்கும் காணாமல் போன கோலிக்குண்டுக்கும் நடுவில் ஒரு தேவதாருப் பலகைத் துண்டு கிடந்தது. ஒரு பக்கம் தடித்து, மறு பக்கம் மெலிந்து, ஆப்புப்போலச் செதுக்கியது.

ஹெட்லி அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். அவனுடைய கத்திக்கு அப்போதே விளிம்பில் ஒரு பல் விழுந்திருந்தது; அந்தப் பல்லின் கீறல் பலகை முழுக்க வரி வரியாக ஓடியது. யார் செதுக்கியது என்று கேட்க அவனுக்கு வாய் வந்தது. கேட்காமல் வாயை மூடிக்கொண்டான்.

"சுவர் இறங்குன முதல் வருஷம்," என்றான் மெதுவாக. "கதவு படார் படார்னு சாத்திக்குதுன்னு நீதான் சொன்னே. நான்தான் வெச்சேன். சுத்தமா மறந்தே போச்சு."

"எனக்கும் இப்பத்தான் ஞாபகம் வருது."

"ஒரு வாரமா உன் கையைக் குத்தம் சொன்னேனே, டார்க்."

அவள் ஏதாவது குத்திச் சொல்வாள் என்று எதிர்பார்த்தான். அவளுக்கும் சொல்ல நிறைய இருந்தது. மணி போய்க்கொண்டிருந்தது.

"அழுக்கைத் துடைச்சுட்டு உள்ள தள்ளு," என்றாள்.

தள்ளினார்கள். ஹெட்லி குமிழி மட்டத்தைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜின் தலையில் வைத்து, முன்கால் திருகுகளை இப்படி ஒரு சுற்று அப்படி ஒரு சுற்றுத் திருகி, குமிழியை நட்டநடுவில் நிறுத்தினான். முகம் மலர்ந்தது. டார்கஸ் கதவைப் பாதி திறந்து விட்டாள். கதவு திறக்கவும் இல்லை, சாத்தவும் இல்லை. விட்ட இடத்திலேயே நின்றது.

"முன்பக்கத்தை இன்னும் கொஞ்சம் தூக்கு," என்றாள்.

"தூக்கினா மட்டம் போயிடுமே!"

"போகட்டும்."

"ஏண்டி, வீட்டையே தூக்கி நேராக்கி வெச்சிருக்கேன், அதுக்குள்ள என் கையாலயே ஒரு கோணலை வெக்கச் சொல்றே?"

"கொஞ்சம் பின்னால சாஞ்சாத்தான் தானா மூடும். நீயும் அப்படித்தானே? சாப்பிட்டுட்டு நாற்காலில சாஞ்சாத்தான் உன் வாய் மூடுது."

ஹெட்லி சிரிக்கக் கூடாது என்று பார்த்தான், முடியவில்லை. படுத்துத் திருகைத் திருப்பினான். குமிழி நடுவை விட்டு நகர்ந்தது. அவன் அதைப் பார்க்காமல் இருக்க மட்டத்தை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டான். டார்கஸ் ஜாமையும் பாலையும் கதவில் அடுக்கி, ஒரு கையில் குடமும் மறு கையில் வாளியும் எடுத்துக்கொண்டு, குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினாள். கதவு நிதானமாகப் போய்ச் சாத்திக்கொண்டது.

அவள் அறிவிப்புத் தாளை வைத்து இன்னொரு முறை சோதித்துவிட்டுத் திரும்பியபோது ஹெட்லியைக் காணவில்லை. ஜன்னலுக்கு வெளியே மண் கிளறும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அவன் முள்வாரியைப் பாத்தியில் இறக்கி, செடிகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு செடிக்கும் ஒரு பெருமூச்சு.  டார்கஸ் சட்டென்று பெரிய பானையை எடுத்து அடுப்பில் ஏற்றினாள்.

அன்று பகல் முழுக்க அந்த வீட்டில் ஒரே வேலை. பிஞ்சுக் கிழங்கு, தோலைச் சீவ வேண்டாம், சாக்குத் துணியில் போட்டுத் தேய்த்தாலே உரிந்தது. ஹெட்லி தேய்த்தான், அவள் வேகவைத்தாள். வெந்ததைத் தட்டுகளில் பரப்பி, கடல்காற்று வரும் வாசலில் ஆற வைத்தார்கள். கடற்காகங்கள் வந்துவிடாமல் ஹெட்லி துடுப்போடு காவல் நின்றான். பீட்ரூட் பாட்டிலில் இருந்தது, கடுகு இருந்தது, முட்டைக்குப் பஞ்சமில்லை. கிண்ணங்கள் உள்ளே போனபின் டார்கஸ் நாற்காலியை ஃப்ரிட்ஜுக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவ்வப்போது எழுந்து கிண்ணத்தின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். மூன்றாவது நிறமும் கையைச் சுடுகிற மாதிரிக் குளிர்ந்தபிறகுதான் கிளம்பினாள்.

ஹாலில் மேசைகள் போட்டாயிற்று. வான்கோழியும் பன்றித்தொடையும் வரிசையாக இருந்தன. டார்கஸ் கிண்ணங்களை ஐஸில் பதித்து வைத்துவிட்டுக் கரண்டியோடு நின்றாள். வரிசை நகரத் தொடங்கியது. முதலில் வந்தவள் யூனிஸ்.

"ஏண்டி டார்கஸ்," என்றாள், ஹாலின் கோடிவரை கேட்கிற குரலில். "காலையில உன் வீட்டுக்குப் பின்னால ஒரே கடல்காக்காக் கூட்டமா இருந்துச்சே! கிண்ணம் கிண்ணமா என்னத்தையோ கொட்டினியே!"

 மெல்வினா பன்றித்தொடையைப் பாதி வெட்டியபடி அப்படியே நின்றாள். டார்கஸுக்குக் காதெல்லாம் சூடேறியது. ஃப்ரிட்ஜ் கழுவினேன் என்று சொல்லலாம்; மீன்கழிவு என்று சொல்லலாம். ஹெட்லி வாசலருகில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான்.

"சாலட்தான் கொட்டினேன்," என்றாள் டார்கஸ், அதே உரத்த குரலில். "ராத்திரி ஃப்ரிட்ஜு கதவு திறந்து கிடந்துச்சு. செஞ்சது அத்தனையும் கொட்டிட்டேன். இது இன்னிக்குப் பகல்ல செஞ்சது. ஹெட்லி ஆகஸ்டு மாசத்துல பாத்தியைத் தோண்டினான்."

"ஹெட்லியா? ஆகஸ்டுலயா?" என்றது வரிசையில் ஒரு குரல். யாரோ தேவனை அழைத்தார்கள்.

யூனிஸ் தன் தட்டைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள். நீட்டவும் இல்லை, எடுத்துக்கொள்ளவும் இல்லை. அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் அசையவில்லை. அப்போது வரிசையின் கடைசியிலிருந்து தடி தட்டும் சத்தம் கேட்டது. ஆம்ப்ரோஸ் மாமா எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். போன வருஷம் படகில் கிடத்திக் கொண்டுபோன அதே உடம்பு. இளைத்த கழுத்தில் காலர் தொளதொளவென்று கிடந்தது.

"கடல்காக்கா எல்லாம் எப்படி இருக்கு, பொண்ணே?" என்றார்.

"பறந்துட்டு இருக்கு மாமா. வரும்போது பாத்துட்டுத்தான் வந்தேன்."

கிழவர் தலையை ஆட்டினார். பிறகு திரும்பி, வான்கோழி முதல் ஜெல்லி வரை மேசை நெடுகப் பார்த்தார். மேசைக்குப் பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியையும் பார்த்தார்.

"போன வருஷமும் உங்கள்ல ஒருத்தி இப்படிக் கொட்டியிருந்தா, நான் படகுல மல்லாந்து போயிருக்க மாட்டேன்," என்றார். "சிவப்புல ரெண்டு கரண்டி போடு."

தட்டை நீட்டினார். டார்கஸ் மூன்று கரண்டி போட்டாள்.